றெக்கையின் வயிறு

எதுக்குங்க அம்மிணி ஃபோட்டோ எடுக்கறீங்க? இல்ல, சும்மாதான் கேட்டேன். காத்தாடிதானே, எடுங்க. பல்லடம் தாண்டினா உடுமலை வரைக்கும் ரெண்டு பக்கமும் அதேதான் நிக்கும். பஸ்ஸுல போறவங்க எல்லாரும் எடுப்பாங்க, ஊட்டுக்குப் போனதும் அழிச்சிருவாங்க. ஆனா அந்தா, சோளக்காட்டுக்கு நடுவுல தனியா ஒண்ணு நிதானமா சுத்துது பாருங்க, அதை மட்டும் நல்லாப் பாத்து எடுங்க. அந்த றெக்கை என்னோடது.

நான் ஓனரம்மா இல்லீங்க. ஓனரம்மா எதுக்கு இந்த வேகாத வெயில்ல பஸ்ஸுல வர்றா. வடிவத்தைச் சொன்னேன். அந்த றெக்கையோட வடிவம் என்ற மண்டையில இருந்து வந்தது. ஆனா நீங்க யாரைப் போய்க் கேட்டாலும் வேற ஒருத்தர் பேரைத்தான் சொல்லுவாங்க. நாகர்கோயில்காரரு. பேரு ஆல்வின்.

நீங்க காத்தாடிக் கம்பெனி ஆளு இல்லைதானுங்க? சரி. டீச்சரா? அப்பச் சரி. டீச்சருக்கு இதுல என்ன வேணும்.

சொன்னாப் புரியோணுமில்ல, அதனால முதல்ல இருந்து சொல்றேன். அந்த றெக்கையைக் குறுக்க ஒரு வெட்டு வெட்டினீங்கன்னு வைங்க. வெட்டின எடத்துல ஒரு மீனைப் பக்கவாட்டுல படுக்க வச்சாப்ல ஒரு வடிவம் தெரியும். முன்னால உருண்டையா மூக்கு, பின்னால கூரா வாலு. மேல் வளைவு முதுகு, கீழ் வளைவு வயிறு. ஆபீஸ்ல நாங்க பேசிக்கறதே அப்படித்தான். காத்து வந்து மூக்குல முட்டி ரெண்டாப் பிரியும். முதுகு மேல போறது விரசாப் போகும், வயித்துக்குக் கீழ போறது மெதுவாப் போகும். அந்த வித்தியாசம்தான் றெக்கையைத் தூக்கறது. தூக்கினாச் சுத்தும், சுத்தினாக் கரண்டு. அதுக்கு முதுகுல ஓடற காத்து வாலு வரைக்கும் ஒட்டிக்கிட்டே போகோணும். நடுவழியில பிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போச்சுன்னா முடிஞ்சுது, அப்பறம் அது றெக்கை இல்லை, வெறும் பலகை.

எங்க கம்பெனி கோயமுத்தூருக்கு வெளியில இருந்துச்சு. பேரு வேண்டாங்க, இப்ப அது யாரு கையில இருக்குதோ. அங்க ரொம்ப வருசமா வெளிநாட்டுக்காரங்க போட்ட வடிவத்தை வாங்கித்தான் றெக்கை வார்த்துட்டு இருந்தாங்க. நல்ல வடிவம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அது அவங்க ஊருக் காத்துக்குப் போட்டது. நம்ம ஊருல ஆடிக் காத்து வெறுங்காத்தா வருது? புழுதியோட வருது. மழைக்கு முன்னால கண்ணுக்குத் தெரியாத பூச்சி கூட்டங்கூட்டமா வரும், அத்தனையும் றெக்கை மூக்குல அடிச்சு அப்பிக்கும். நாலு நாள்ல மூக்கு உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு ஆயிரும். மூக்கு சொரசொரன்னு ஆனா முதுகுல காத்து ஒட்டாது. நல்ல காத்து அடிக்கற காலத்துல, அன்னைக்குப் பாத்துத்தான் கரண்டு குறையும். மறுபடி ஒரு மழை பேஞ்சு கழுவி விட்டாத்தான் உண்டு.

எல்லாரும் மூக்கை எப்படிச் சுத்தமா வைக்கறதுன்னே யோசிச்சாங்க. தண்ணி பீச்சறது, பெயிண்ட் மாத்தறது. நான் மட்டும்தானுங்க, மூக்கு அழுக்காத்தான் ஆகும், அழுக்கானாலும் சட்டை பண்ணாத வடிவம் ஒண்ணு போடலாமேன்னு நினைச்சேன். நான் மட்டும்தான். இதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க.

எப்படிப் போடறதுன்னா, முதுகைக் குறைக்கோணும். முதுகு ஒசரமா இருந்தா காத்து ஏறி எறங்கறதுக்கே திணறும், மூக்குல கொஞ்சம் அழுக்கு பட்டதும் விட்டுட்டுப் போயிரும். ஆனா முதுகைக் குறைச்சா றெக்கை சன்னமாயிரும், ஆடிக் காத்துல முறிஞ்சிரும். அதனால முதுகுல எடுத்த சதையை வயித்துல வைக்கோணும். முதுகு சப்பை, வயிறு தொப்பை. சொல்றதுக்கு இவ்வளவுதான். எந்த எடத்துல எத்தனை மயிரிழை எடுத்து எந்த எடத்துல வைக்கறதுங்கறதுதான் வேலை. வயித்தை ரொம்ப இழுத்தா வாலுக்குக் கிட்ட வேற வம்பு வரும். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நான் அதை வச்சுக்கவே இல்லை. ஊட்டுலதான் வச்சிருந்தேன், அதுவும் பையன் படிக்கற கம்ப்யூட்டர்ல, அவன் காலேஜுக்குப் போன பொறவு.

ஏன் அத்தனை ஒளிவுன்னு கேக்கறீங்க. எனக்கு ஒரு தடவை பட்டது போதும். முன்னால நான் இருந்த கம்பெனியில, நான் ராப்பகலா உக்காந்து பண்ணின ஒரு வேலையை எங்க மேலதிகாரி மேடையில நின்னு தன்னுதுன்னு பேசினாரு. எல்லாரும் கை தட்டினாங்க. நான் மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன். நானும் கை தட்டினேனுங்க. என்ன பண்ணச் சொல்றீங்க, பக்கத்துல இருக்கறவங்க எல்லாம் தட்டறாங்க.

அதுக்கப்பறம் நான் யாரையும் நம்பறதில்லை.

இப்படி இருக்கையிலதான் அந்த ஆல்வின் வந்து சேர்ந்தாரு. பெங்களூர்ல விமான ஆராய்ச்சியில இருந்தவரு. என்னைவிட ரெண்டு மூணு வயசு சின்னவரா இருப்பாரு. அமைதியான மனுசன். அமைதியா இருக்கறவங்களைத்தான் நாம கவனிக்கோணும். எனக்கு எதிர் சீட்டு குடுத்தாங்க. வந்த மொத வாரமே ஊருக்குப் போயிட்டு வந்து நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பொட்டணம் என்ற மேசையில வச்சாரு. ஊருல இருந்து வர்றப்ப எல்லாம் வைப்பாரு. எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் வச்சாரு, அதுதான் சாமர்த்தியம். சும்மா ஒருத்தரு மாசாமாசம் சிப்ஸ் குடுப்பாங்களா, நீங்களே சொல்லுங்க. பையன் பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாரு. அவன் பரீட்சைக்குப் போறப்ப ஞாபகம் வச்சிருந்து, எப்படி எழுதினான்னு விசாரிச்சாரு. எதுக்கு?

ஒரு நாள் நான் கைகழுவப் போயிட்டுத் திரும்பி வர்றேன், அந்த மனுசன் என்ற மேசைக்கிட்ட நிக்கறாரு. என்னன்னு கேட்டேன். ஸ்டேப்ளர் எடுக்க வந்தேன் மேடம்னாரு. கையில ஸ்டேப்ளர் இருந்துச்சு, இல்லேங்கலை. ஆனா ஸ்டேப்ளர் எடுக்க அத்தனை நேரம் ஆகுமா?

எங்க டிசைன் பிரிவுக்குத் தலைவரு கோதண்டபாணி. அவரு ஒரு நாள் மீட்டிங் போட்டு, பூச்சி அப்பினாலும் தாங்கற வடிவம் ஒண்ணு நம்மளே போடலாமா, யாருகிட்டயாவது யோசனை இருக்குதான்னு கேட்டாரு. நான் இதுக்குத்தான் காத்திருந்தேன். அடுத்த மீட்டிங்குல என்ற வடிவத்தைக் கொண்டுட்டுப் போயி திரையில போட்டேன். எல்லாரும் பாத்துட்டே இருந்தாங்க. அப்ப ஆல்வின் மெதுவா எந்திரிச்சு, நானும் ஒண்ணு போட்டுட்டு வந்திருக்கேன்னாரு.

கோதண்டபாணி ரெண்டையும் ஒரே திரையில, ஒண்ணு மேல ஒண்ணு வைக்கச் சொன்னாரு. என்னது நீலக்கோடு, அவருது சிவப்புக்கோடு. வச்சதும் எனக்குச் சப்புன்னு ஆயிப்போச்சுங்க. ஒரே கோடு. மூக்குக்கிட்ட ஒரு இழை, வாலுக்குக் கிட்ட ஒரு இழை, அவ்வளவுதான் வித்தியாசம். அதே சப்பை முதுகு. அதே தொப்பை வயிறு.

மத்தவங்க எல்லாம் ஆஹான்னாங்க. கோதண்டபாணி மேசையைத் தட்டி, ரெண்டு பேரு தனித்தனியா யோசிச்சு ஒரே எடத்துக்கு வந்திருக்காங்கன்னா இதுதான் சரியான வடிவம்னாரு. ஆல்வின் என்னைப் பாத்துச் சிரிச்சாரு. சந்தோசமாச் சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. கூட்டம் முடிஞ்சு வெளிய வந்தப்ப, "உங்களுக்கும் வயித்துலதான் வைக்கணும்னு தோணிச்சா மேடம்?"னு கேட்டாரு. எப்படிக் கேக்கறாரு பாருங்க. தெரியாத மாதிரி.

ஊட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரருகிட்டச் சொன்னேன். அவரு பேங்குல இருந்தவரு, எதுலயும் பதட்டப்பட மாட்டாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஒரே கணக்கை ரெண்டு பேரு சரியாப் போட்டா ஒரே விடைதானே மரகதம் வரும்"னாரு. நீங்க யாரு பக்கம்னு கேட்டேன். பேப்பரைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா வச்சுக்கிட்டாரு. அந்த சிப்ஸை எங்க ஊட்டுல நிறையத் தின்னது அவருதானுங்க.

சரி, இதை நாமதான் கையுங்களவுமாப் புடிக்கோணும்னு முடிவு பண்ணினேன். என்ன பண்ணினேன்னு கேளுங்க, நீங்க டீச்சரு, உங்களுக்குப் புடிக்கும். பரீட்சையில காப்பி அடிக்கறவனைப் புடிக்கோணும்னா என்ன பண்ணுவீங்க? தப்பான விடையை அவன் கண்ணுல படற மாதிரி எழுதி வைக்கலாமில்ல? அதையேதான் பண்ணினேன். ஆபீஸ்ல எல்லாருக்கும் பொதுவா இருக்கற எடத்துல என்ற வடிவத்தைப் புதுசா ஒண்ணு திருத்தி வச்சேன். அதுல வாலுக்குக் கொஞ்சம் முன்னால, வயித்துப் பக்கம், சின்னதா ஒரு மேடு. கண்ணுக்குத் தெரியாது. ஒரு காரணமும் இல்லாத மேடு. யாரு எந்தக் கணக்கைப் போட்டாலும் அந்த எடத்துல மேடு வரவே வராது. அவருடைய அடுத்த வடிவத்துல அந்த மேடு இருந்துச்சுன்னா, ஆளு மாட்டிக்கிட்டாரு.

அவரு அடுத்த தடவை கொண்டுட்டு வந்ததுல மேடு இல்லை.

பாத்தீங்களா, எத்தனை கெட்டிக்காரரு. காப்பி அடிச்சிருக்காரு, மேட்டை மட்டும் விட்டுட்டாரு.

அதுக்கப்பறம் நான் அந்த மேட்டை எடுத்துரோணும்னு நினைச்சேன், வேலை மும்முரத்துல விட்டுப் போச்சு. கோதண்டபாணி ரெண்டு வடிவத்தையும் பெங்களூர் விண்ட் டனல்ல வச்சு சோதிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டாரு. பெரிய குழாய் மாதிரி இருக்குமுங்க, உள்ள ஃபேன் போட்டுக் காத்தை விட்டு, நடுவுல மாதிரி றெக்கையை நிறுத்தி வச்சு எத்தனை தூக்குதுன்னு அளப்பாங்க. அலுமினியத்துல அந்த மாதிரியைக் கடையறதுக்கு வடிவத்தை அனுப்போணும். அனுப்பறதுக்கு முன்னால ஒருத்தருதை இன்னொருத்தர் சரி பாத்துக் குடுங்கன்னு கோதண்டபாணி சொல்லியிருந்தாரு. நான் அவருதைப் பாக்கலை. பாத்துட்டு, நாளைக்கு நான் காப்பி அடிச்சேன்னு அவரு திருப்பிச் சொன்னா? அதனால பாத்தாச்சுன்னு மட்டும் சொல்லிட்டேன்.

ஆனா அவரு என்னதைப் பாத்திருக்காரு. சாயங்காலம் எல்லாரும் கிளம்பற நேரத்துல வந்து, சேரை இழுத்துப் போட்டு உக்காந்து, மெதுவான குரல்ல சொன்னாரு: "மேடம், வயித்துப் பக்கம் வாலு கிட்ட பொடியா ஒரு மேடு கெடக்கு. தெரிஞ்சிட்டுதான் வச்சீங்களா?"

எனக்கு மூஞ்சியெல்லாம் சூடாயிப் போச்சு. அப்ப என்ற ஃபைலைத் தொறந்துட்டீங்களான்னு கேட்டேன். சார்தான பாக்கச் சொன்னாரு மேடம்னாரு. பாத்தவரு நீங்களே சரி பண்ணிட வேண்டியதுதானேன்னேன். அதுக்கு அவரு சொன்னதை அப்படியே சொல்றேன்:

"அது உங்க கோடுல்லா. நான் தொடக்கூடாது. யாருட்டயும் சொல்லல. நீங்களே எடுத்துருங்க."

சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

இதுல இருந்து உங்களுக்கு என்ன தெரியுது? இல்லீங்க அம்மிணி, அப்படி நினைக்காதீங்க. நல்ல மனுசன் மாதிரித் தெரியோணும்னுதானே அவரு அப்படிச் சொன்னது. அந்த மேட்டோட நான் டனலுக்குப் போயிருந்தேன்னா என்ற வடிவம் தோத்திருக்கும், அவருது ஜெயிச்சிருக்கும். அப்படி ஜெயிக்கறதை விட்டுட்டு எங்கிட்ட வந்து சொல்றாருன்னா, அதைவிடப் பெருசா ஏதோ கணக்கு இருக்கோணும். என்னை அவருக்குக் கடன்பட்டவளா ஆக்கிப் போடறதுக்குத்தான். நான் ஒரு தேங்க்ஸ் கூடச் சொல்லலை. மேட்டை எடுத்துட்டு அனுப்பினேன்.

பெங்களூருக்கு ரெண்டு பேரும்தான் போனோம். ரயில்ல எதிரெதிர் சீட்டு. அவரு பைபிள் படிச்சாரு, நான் சன்னல் வழியாப் பாத்துட்டு வந்தேன். டனல்ல மொதல்ல வெளிநாட்டு வடிவத்தை வச்சாங்க. மூக்கு சுத்தமா இருக்கையில நல்லாத் தூக்குச்சு. அப்பறம் பூச்சி அப்பினாப்ல இருக்கோணும்னு மூக்குல உப்புத்தாள் கீத்து ஒண்ணு ஒட்டினாங்க. தூக்கறது பொத்துன்னு விழுந்துச்சு. திரையில அதைக் காட்டற கோடு சரியறதைப் பாக்கவே பாவமா இருந்துச்சு.

அடுத்தது என்னது. சுத்தமா இருக்கையில வெளிநாட்டுதைவிட ஒரு மாத்து கம்மிதான். அது தெரிஞ்சதுதான், எதையாவது விட்டாத்தானே எதையாவது புடிக்க முடியும். அப்பறம் உப்புத்தாளை ஒட்டி மறுபடி காத்தை விட்டாங்க. காத்து எப்பப் பிச்சுக்குதுன்னு பாக்க றெக்கையைக் கொஞ்சங்கொஞ்சமா நிமித்தறாங்க. இப்ப விழுந்துரும், இப்ப விழுந்துரும்னு பாத்துட்டு இருக்கோம். விழுகலை. அவரு திரைக்குக் கிட்டக் குனிஞ்சுக்கிட்டு, "நிக்குது மேடம்"னாரு. மறுபடி நிமித்தறாங்க. நிக்குதுன்னாரு. நானும் குனிஞ்சு பாத்துட்டிருந்தேன். அப்பறம்தான் பாக்கறேன், நான் அவரு கையை இறுக்கிப் புடிச்சுட்டு நிக்கறேன். எப்பப் புடிச்சேன்னே தெரியலை. அவரு கையை இழுத்துக்கலை.

அது விடுங்க. அந்த நேரத்துல தூணு பக்கத்துல இருந்திருந்தா தூணைப் புடிச்சிருப்பேன்.

அவருதை வச்சாங்க. அதுவும் அதே மாதிரி நின்னுது. ரெண்டுக்கும் வித்தியாசமே கண்டுபுடிக்க முடியலைன்னு அங்க இருந்தவங்க சொன்னாங்க.

திரும்பி வந்ததும் கோதண்டபாணி கூட்டம் போட்டாரு. அச்சு ஒண்ணுதான் செய்ய முடியும், அதனால ஒரு வடிவத்தைத்தான் எடுத்துக்கோணும், எதுன்னு நீங்க ரெண்டு பேருமே பேசிச் சொல்லிருங்கன்னாரு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள ஆல்வின் சொல்லிட்டாரு: "மேடத்தோடதயே எடுத்துக்கலாம் சார். அவங்க எனக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிட்டாங்க."

கூட்டத்துல எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. நான் முன்னாலயே ஆரம்பிச்சது இவருக்கு எப்படித் தெரியும்? நான் யாருகிட்டயும் சொன்னதில்லை. பையன் பரீட்சையைப் பத்தி விசாரிக்கறப்ப, அவன் கம்ப்யூட்டரை நான் எடுத்துக்கறேன்னு அவனுக்குக் கோவம்னு ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான். அதை வச்சு நூலு புடிச்சிருக்காரு.

அதுக்கு மேல யோசிச்சுப் பாருங்க. இத்தனை நாளு உழைச்சுட்டு, ஒரு மனுசன் சும்மா விட்டுக் குடுப்பானா? அந்த றெக்கை ஊரெல்லாம் நிக்கப் போகுது. அதை யாராவது அடுத்தவ கையில தூக்கிக் குடுப்பாங்களா? என்ற வடிவத்துல இவரு ஏதோ குறையைப் பாத்துட்டாரு. நாளைக்கு ஆடிக் காத்துல ஏதாவது ஆச்சுன்னா என்ற தலைதான் உருளும், இவரு தள்ளி நின்னு வேடிக்கை பாப்பாரு. அதுக்குத்தான் விட்டுக் குடுக்கறாரு. இது எனக்கு அந்த நிமிசத்துல கண்ணாடி மாதிரித் தெரிஞ்சுது.

நான் எந்திரிச்சு, "வேண்டாம் சார். அவரோடதையே போடுங்க"ன்னேன்.

கோதண்டபாணி மறுபடி ஒரு தடவை கேட்டாரு, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா மரகதமணின்னு. யோசிச்சுத்தான் சொல்றேன்னேன். அவருதையே போட்டுட்டாங்க.

வெளிய வண்டி நிறுத்தற எடத்துல அவரு எனக்காகக் காத்திருந்தாரு. "ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க?"ன்னாரு. உங்களுக்குத் தெரியாதான்னு திருப்பிக் கேட்டேன். மனுசன் என்ற மூஞ்சியவே பாத்துட்டு நின்னாரு. அப்பறம் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. பதில் இருந்தாச் சொல்லியிருப்பாரில்ல?

அந்த வருசம் ஆடியில மொத காத்தாடி குடிமங்கலத்துக்குக் கிட்ட நின்னுது. பூச்சி அப்பிச்சு, புழுதி அப்பிச்சு, சட்டையே பண்ணாம சுத்துச்சு. பேப்பர்ல எல்லாம் போட்டாங்க. வடிவத்துக்கு ஒரு பேரு வைக்கோணுமில்ல, எழுத்தும் எண்ணும் சேர்த்து வைப்பாங்க. எம்.ஏ.ன்னு வச்சாங்க. பேரு வச்சது ஆல்வின்தான். மரிய ஆல்வின். அதுதான் அவரு முழுப் பேரு. தன்ற பேரையே வச்சுக்கிட்டாரு, கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமுங்களா?

என்னங்க? மரகதமணி, ஆல்வினா?

நீங்களும் அதையே சொல்றீங்க. எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னாரு. எனக்கும் மொத எழுத்து எம்முதான், அது எனக்குத் தெரியாதா. ஆனா அப்படின்னா வந்து சொல்லியிருக்க மாட்டாரா, மேடம் உங்க பேரையும் சேர்த்திருக்கேன்னு? அவரு சொல்லலை. நானும் கேக்கலை. அந்த வண்டி நிறுத்தற எடத்துல பேசினதுக்கப்பறம் நாங்க வேலை விசயம் தவிர ஒரு வார்த்தை பேசிக்கலை. மேசையில சிப்ஸ் மட்டும் வந்துட்டே இருந்துச்சு. நான் எடுக்கறதில்லை. பக்கத்து சீட்டுக்காரங்க எடுத்துக்குவாங்க.

ஒரு வருசம் பொறுத்துப் பாத்தேன். அப்பறம் வேலையை விட்டுட்டு பொள்ளாச்சிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜுல பாடம் எடுக்கப் போயிட்டேன். போன வருசம் அதுல இருந்தும் ரிட்டயர்டு ஆயாச்சு. வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துட்டாரு. பையன் வெளியூர்ல இருக்கான். காத்துக் காலம் வந்தா மட்டும் இப்படி எங்கியாவது போறப்ப பஸ்ஸுல உக்காந்து எண்ணிப் பாப்பேன், எம்.ஏ. எத்தனை, மத்தது எத்தனைன்னு. தூரத்துல இருந்தே தெரியும் எனக்கு, வயித்தைப் பாத்தாப் போதும்.

எங்க போறேன்னு கேக்கறீங்களா? அதைச் சொல்லலை பாருங்க. அவரைப் பாக்கத்தான்.

ஆமாங்க. போன வாரம் ஃபோன் வந்துச்சு. எத்தனை வருசமாச்சு, குரலைக் கேட்டதும் கண்டுபுடிச்சுட்டேன். அவரும் அந்தக் கம்பெனியை விட்டுட்டாராம், உடுமலையில சின்னதா ஒரு ஆபீஸ் போட்டிருக்காராம். இப்ப காத்து குறைச்சலான எடத்துக்குப் போடற றெக்கை எல்லாம் ரொம்ப நீளம், நுனி ரொம்ப விரசாச் சுத்தும், சத்தம் ஊரைக் கூட்டும். சத்தமும் வரக்கூடாது, தூக்கறதும் குறையக்கூடாது, பூச்சிக்கும் தாங்கோணும். நுனிக்கு ஒரு வடிவம் போட்டுப் போட்டுப் பாக்கறாராம், வர மாட்டேங்குதாம். "ஒரு எடத்துல மாட்டிட்டு நிக்கேன் மேடம். நீங்க ஒரு தடவ வந்து பாத்தா நல்லாருக்கும்"னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. பழசு ஒரு வார்த்தை பேசலை.

எதுக்குப் போறீங்கன்னா? நல்லாக் கேட்டீங்க. என்ன திட்டம் போடறாருன்னு தெரிஞ்சுக்க வேண்டாமுங்களா? வேற ஆளே இல்லாத மாதிரி என்னை எதுக்குக் கூப்படோணும்? ஒரு தடவை எடுத்தது பத்தாதுன்னு மறுபடி எடுக்கத்தான். இந்தத் தடவை நான் விட மாட்டேன். காகிதத்துல ஒரு கோடு போடலை. எல்லாம் தலைக்குள்ளதான் இருக்குது. அவரு எங்க மாட்டிக்கிட்டாருன்னு எனக்கு ஃபோன்லயே தெரிஞ்சு போச்சு. வாலைச் சன்னமாக்கிப் பாத்திருப்பாரு, எல்லாரும் அதைத்தான் பண்ணுவாங்க. வாலைத் தொடவே கூடாதுங்க. வயித்துல கடைசி வளைவு இருக்குதே, அதைக் கொஞ்சம் நேராக்கி விட்டு, முதுகுல பாரத்தை மூக்குப் பக்கம் ஒரு இழை தள்ளோணும். ஒரு வாரமா அதேதான் யோசனை, சோத்தைப் பிசைஞ்சுட்டு இருக்கறப்பக் கூட. நான் போயி, அவரு எப்படிப் போட்டிருக்காருன்னு மொதல்ல பாத்துட்டு, அப்பறம்தான் வாயைத் தொறப்பேன்.

உடுமலை வந்திருச்சுங்களா? பேச்சுல தெரியவே இல்லை. ஸ்டேண்டுக்குள்ள திரும்பறான்.

அந்தா, அந்த டீக்கடைக்கு முன்னால திட்டு மேல உக்காந்திருக்காரு பாருங்க, வெள்ளைச் சட்டை, கையில மடிச்ச பேப்பரு. அவருதான். முடியெல்லாம் வெளுத்துப் போச்சு. என்ன இப்படி இளைச்சுப் போயிட்டாரு. சக்கரை கிக்கரை இருக்குமோ என்னவோ, ஃபோன்ல ஒண்ணும் சொல்லலையே.

ஒரு நிமிசம் இருங்க. நான் எந்த பஸ்ஸுல வர்றேன்னு அவருகிட்டச் சொல்லவே இல்லீங்களே. இன்னைக்கு வர்றேன்னு மட்டும்தான் சொன்னேன். காலையிலயா மத்தியானமான்னு கேட்டாரு, வேணும்னேதான் சொல்லாம ஃபோனை வச்சேன். பின்ன எப்படி கரெக்டா இந்த பஸ்ஸுக்கு வந்து உக்காந்திருக்காரு? பக்கத்துல பாருங்க, திட்டு மேல காலி டீ கிளாஸ், ஒண்ணா ரெண்டா, மூணு நாலு இருக்குது. ஒத்தை மனுசன் அத்தனை டீயா குடிப்பாரு? ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நிறுத்தி வச்சிருக்காரு. நான் சொன்னப்ப நீங்க நம்பலைதானே.

எந்திரிச்சுட்டாரு. கொஞ்சம் காலை நகத்திக்கங்க அம்மிணி, பஸ்ஸு நிக்கறதுக்குள்ள நான் வாசலுக்குப் போகோணும்.